நாலாவது தெருப் பெரியவர்

மந்தைவெளி,
சித்திரை 9, ஞாயிறு.

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு, உன் வீட்டுக்காரன் மாணிக்கவாசகம் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது.

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்து கோட்டில் உட்கார மாட்டேன் என்கிறது. ஒன்று மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே தொங்குகிறது. இத்தனை வருஷம் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கைக்குப் பேனாவின் எடையே தெரியவில்லை. அழுத்தி அழுத்தி எழுதிப் பின்பக்கம் வரை பள்ளம் விழுந்திருக்கிறது. தடவிப் பார்த்தால் உனக்கே தெரியும்.

ஆமாம், நான்தான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. உறையின் மேலே இருக்கும் இங்கிலீஷ் விலாசம் மட்டும் ஜுவேரியா டீச்சர் எழுதியது. உள்ளே இருப்பதை அவள் பார்க்கவில்லை. நானே பசை தடவி ஒட்டுவேன்.

நீ பூனாவுக்குப் போன பத்தாம் நாள் நம் தெருக்கோடி கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு வரை. போனில் இதைச் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் மாப்பிள்ளை முன்னால் அசிங்கம் என்று நினைத்தேன். நாங்கள் ஒன்பது பேர். அதில் ஆண் நான் ஒருவன்தான். டீச்சருக்கு நம் லாவண்யா வயதுதான் இருக்கும். நன்றாக அதட்டுகிறாள்.

என் பெயரில் எட்டு எழுத்து, புஷ்பம். அப்பா எனக்கு மணி என்று வைத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். மூன்று வாரம் ஆயிற்று. உன் பெயரில் நடுவில் ஒரு ஷ் நிற்கிறதே, அதற்கு மட்டும் நாலு நாள். அது சரியாக வந்த அன்று ஒரு பக்கம் முழுக்க உன் பெயரையே எழுதினேன். டீச்சர் பார்த்துவிட்டு, இது யார் பெரியவரே என்று கேட்டாள். என் வீட்டுக்காரி என்றேன். அப்படி என்ன தப்பு பண்ணீங்க, இம்போசிஷன் மாதிரி எழுதி வச்சிருக்கீங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது தெருவில் நடந்தால் எல்லாம் என்னோடு பேசுகிறது. பஸ், பால் பாக்கெட், மருந்துக்கடை, எதையும் விடுவதில்லை. முதன்முதலாக யார் உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த வாக்கியம் எது தெரியுமா? நம் வண்டிக்கு எதிரே இருக்கும் மதில் சுவரில் எழுதியிருப்பது. இங்கு சிறுநீர் கழிக்காதீர். இருபத்தாறு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே துணி தேய்த்திருக்கிறேன். ஏதோ சாமி பெயர் என்று நினைத்துச் சில நாள் கும்பிட்டும் இருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். திரும்பிப் பார்த்தேன். நீ உட்காரும் ஸ்டூல் காலியாக இருந்தது.

இன்றைக்கு இவ்வளவுதான். விரல் மடங்க மாட்டேன் என்கிறது.

சித்திரை 12, புதன்.

நம் வீட்டுச் செய்தி சொல்கிறேன். பின்பக்க மோட்டார் ரிப்பேர் ஆகிச் சரி செய்தாயிற்று. பரத்வாஜ் சார் வீட்டு மாமி உன்னைக் கேட்காத நாள் கிடையாது. வெள்ளைத் துணிக்கு நான் நீலம் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கிறதாம். ஆத்துல எல்லாரும் மேகம் மாதிரி திரிஞ்சுண்டிருக்கோம், புஷ்பத்தை வரச் சொல்லுப்பா என்கிறாள். நான் சரி மாமி என்கிறேன்.

பங்குனியில் அறுபத்துமூவர் பார்க்கப் போனேன். போன வருஷம் நாம் இரண்டு பேரும் தெற்கு மாட வீதியில் நின்றோமே, அதே இடம். கூட்டம் நெருக்கியபோது இடது கை தானாகப் பின்னால் போய் உன் கையைத் தேடியது. யாரோ ஒரு அம்மாவின் கூடை கையில் பட்டது. அவள் முறைத்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பல்லக்கு எல்லாம் வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டேன்.

பேத்தி ஸஹானா கவிழ்ந்துகொள்கிறாளாமே. போனில் முகம் காட்டுகிறார்கள். ஆனால் லாவண்யா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, குழந்தை தெரியுதா என்று ஊரே கேட்கிறது. நான் ஆச்சு ஆச்சு என்கிறேன். நீ பின்னால் அடுப்படியில் நிற்பாய். பாதி முதுகு தெரியும், சில நாள் முந்தானை மட்டும் தெரியும். பிரசவத்துக்கு என்று கார்த்திகையில் போனாய். தையில் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது. எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. உனக்கு நான் என்னத்துக்கு என்று நீ ஐப்பசியில் ஒரு நாள் சொன்னாயே, அது எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதிலைத்தான் எழுத வந்தேன். நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். இது ஸ்பீக்கரில் சொல்லக்கூடியது இல்லை. வேறு ஆளை வைத்து எழுதச் சொல்லக்கூடியதும் இல்லை. நீ படிக்கத் தெரிந்தவள். எனக்கு எழுதத் தெரிந்தால் நடுவில் யாரும் வேண்டாம் என்றுதான் இந்த வயதில் பள்ளிக்கூடம் போனேன்.

சித்திரை 14, வெள்ளி.

கேள்.

ஆவணியில் எனக்கு ஆபரேஷன் ஆயிற்று. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியைப் புற்றுநோய்க் கட்டியோடு முழுதாக எடுத்துவிட்டார்கள். பத்து நாள் குழாயும் பையுமாக வீட்டில் கிடந்தேன். நீதான் பையை மாற்றினாய். பிறகு குழாயை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். எல்லாம் சரியாகிவிட்டது என்றேன்.

சரியாகவில்லை, புஷ்பம். அன்று ஆட்டோவில் வரும்போதே நனைந்துவிட்டது. இருமினால் வந்தது, குனிந்தால் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினால் ஒவ்வொரு தடவையும் வந்தது. அடக்கலாம் என்று பார்த்தால், அடக்குகிற இடமே காணாமல் போன மாதிரி இருந்தது. அறுபத்தேழு வயதில் ஸஹானா மாதிரி ஆகிவிட்டேன்.

உள்ளே ரொம்பப் புழுக்கம் என்று சொல்லிப் பாயைச் சுருட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போய்ப் படுத்தேனே, அதற்குக் காரணம் புழுக்கம் இல்லை. உன் பக்கத்தில் படுத்துப் பாய் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நீ உள்ளே கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வெளியே படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

புரட்டாசியில் புது வீடு ஒன்று பிடித்திருக்கிறேன், நாலாவது தெரு, தனியாக இருக்கும் ஒரு வயதானவர், நோயாளி, வெறும் துண்டாகத்தான் துவைக்கப் போடுவார் என்று சொன்னேன் அல்லவா? அப்படி ஒரு வீடு கிடையாது. அந்தப் பெரியவர் நான்தான்.

நம் வீட்டுத் துணி என்றால் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் ரங்கநாதன் தெரு நடைபாதையில் வெள்ளைத் துண்டு எட்டு வாங்கினேன். அதைத்தான் மடித்து உள்ளே கட்டிக்கொண்டேன். நானே கல்லில் துவைத்தால் ஏன் என்று கேட்பாய். அதனால் துவைத்தாலும் போகாத சேங்கொட்டை மையில் மூலையில் ஒரு குறி போட்டேன். ஒரு கோடு, மேலே மூன்று புள்ளி. எந்த வீட்டுக்கும் நாம் போடாத குறி. மற்ற வீட்டுத் துணியோடு சேர்த்து மூட்டையில் கட்டி உன் முன்னால் வைத்தேன். வாழ்நாளெல்லாம் குறி போட்டு அடுத்தவர் துணியைப் பிரித்து வைத்த கை, தன் துணியை அடுத்தவர் துணியாக்கியது.

நீ மூட்டையைப் பிரித்தாய். முகம் சுளிப்பாய் என்று பயந்து நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ அந்தத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பாவம், மனுஷன் எவ்வளவு கஷ்டப்படறாரோ என்றாய். தனியாக வெந்நீர் வைத்து, சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு அலசினாய். அந்தத் துண்டுகள் பரத்வாஜ் சார் வீட்டு வேட்டியைவிட வெள்ளையாக வந்தன. அவர்கிட்ட காசு வாங்காதீங்க என்று வேறு சொன்னாய்.

பிறகு ரசம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தாய். அவருக்கு வீட்டில் ஆள் இல்லையே என்றாய். தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டு நாலாவது தெரு வரை நடந்து போவேன். அங்கே ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்து நானே குடிப்பேன். சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தால், பிடிச்சிருந்துச்சாமா என்று கேட்பாய். ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம் என்பேன். ஒரு நாள், உங்களுக்கு ஊத்தட்டுமா என்று கேட்டாய். வயிறு நிறைந்திருந்தது. வேண்டாம் என்றேன். உன் முகம் வாடியது.

அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பாய். நிஜமாகவே இருந்தது. அவருடைய கஷ்டத்தை நீ கையால் தொட்டாய். என் கஷ்டத்தை நான் உன்னைத் தொடவிடவில்லை.

கார்த்திகையில் சென்ட்ரலில் உன்னை ரயிலேற்ற வந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்த நாலாவது தெருப் பெரியவரை நான் கேட்டதாச் சொல்லுங்க, அவருக்கு வாய் இருக்குல்ல, வீட்டு மனுஷங்ககிட்ட பேசச் சொல்லுங்க என்றாய். சொல்கிறேன் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது. வீட்டு மனுஷங்க யாருமில்லாத ஆளிடம் எந்த வீட்டு மனுஷங்களோடு பேசச் சொன்னாய்? இது எனக்குப் போன வாரம்தான், ஒரு காலரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். காலர் பழுப்பாகிவிட்டது.

தெரிந்தேதான் துவைத்தாயா, புஷ்பம்? தெரிந்தேதான் ரசம் வைத்தாயா?

சித்திரை 17, திங்கள்.

ஜைதூன் பீயைப் பற்றி எழுத வேண்டும். வகுப்பில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். மாசியில் ஒரு நாள் அவள் பாடத்தை வாசிக்கும்போது ஏதோ உளறினாள். வகுப்பே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். துண்டு கொள்ளாமல் பெஞ்சு நனைந்துவிட்டது. நோட்டை மடியில் அழுத்திக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் கிளம்பினார்கள். அவள் மட்டும் பார்த்துவிட்டாள். உடனே தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பெஞ்சு மேல் கவிழ்த்தாள். ஐயையோ, பெரியவர் மேல கொட்டிட்டேனே என்று டீச்சருக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். இன்னா நைனா, இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற, நாலு பெத்தவ நானு, தும்முனா வரும், இருமுனா வரும், முப்பது வருசமா கீது, நான் இன்னா வூட்ட வுட்டு ஓடிட்டனா என்றாள். எனக்கு ஆபரேஷன் என்றேன். எனக்கு நாலு ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்குப் போகாமலே என்றாள். வூட்டம்மாவைக் கேட்டுப் பாரு, அதுக்கும் இருக்கும், எல்லாப் பொம்பளைக்கும் கீது, ஆம்பளைக்கு வந்தாத்தான் சேதி என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். லாவண்யா பிறந்ததிலிருந்து நீ பெரிதாகச் சிரிக்க நேர்ந்தால் ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்பாய். சுவரைப் பிடித்துக்கொள்வாய். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாய். அதை நான் உன் பழக்கம் என்று நினைத்தேன். கொக்கு மாதிரி நிற்கிறாள் பார் என்று எத்தனை பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன். நீ ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்து ஒரு வாரத்தில் உலகமே இடிந்துவிட்டது என்று வெளியே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

இன்னொன்று. குழாயை எடுத்த அன்று நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். தமிழில் அச்சடித்தது. ஆறு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். உன்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெஞ்சு நனைந்த அந்த வாரம்தான் அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. மடித்த இடமெல்லாம் கிழிந்து போயிருந்தது. இது பலருக்கும் வருவது, பெரும்பாலும் மாதக்கணக்கில் குறையும், பயப்பட வேண்டாம் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறது! தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்று இரண்டாவது வரி. நானோ நாள் முழுக்க இரண்டு டம்ளரோடு காய்ந்து கிடந்தேன். அதனால்தான் எரிச்சல், அதனால்தான் அடிக்கடி வந்தது. ஒன்றுக்குப் போவதைப் பாதியில் நிறுத்துவது போல் அடியிலிருந்து இறுக்கிப் பிடி, பத்து எண்ணு, விடு என்று ஒரு பயிற்சியும் போட்டிருக்கிறது. கடைசி வரி, வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காமல் பேசுங்கள்.

இப்போது ஒரு சட்டைக்கு ஒரு தடவை செய்கிறேன். முதுகைத் தேய்க்கும்போது இறுக்கம், கையைத் தேய்க்கும்போது தளர்ச்சி. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பரத்வாஜ் சார் மட்டும் என்னப்பா வாய்க்குள்ளே எண்ணிண்டே இருக்கே என்றார். உங்க சட்டையைத்தான் சார் என்றேன்.

துண்டை விட்டுவிட்டேன். இப்போது மருந்துக்கடைப் பேட். மயிலாப்பூரில் எல்லாக் கடைக்காரருக்கும் என்னைத் தெரியும் என்று மேற்கு மாம்பலம் போய் வாங்கினேன். யாருக்கு என்று கேட்டான். எங்க அப்பாவுக்கு என்றேன். அவன் என் நரைத்த தலையைப் பார்த்தான். அப்பாவுக்கு என்ன வயசு ஐயா என்றான். தொண்ணூத்தஞ்சு என்றேன். கொடுத்து வைத்தவர், நீங்க பக்கத்துல இருக்கீங்க என்றான். போன மாதத்திலிருந்து நம் தெருக் கடையிலேயே, எனக்குத்தான் என்று சொல்லி வாங்குகிறேன். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, பையில் போட்டுக் கொடுத்தான்.

ஒரு நாளைக்கு ஐந்து ஆறு பேட் என்று இருந்தது இரண்டாகக் குறைந்திருக்கிறது. உட்கார்ந்திருந்தால் வருவதில்லை. பெட்டியைத் தூக்கினால் இன்னும் வருகிறது. முழுக்க நின்றுவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். டாக்டர் ஒரு வருஷம் பார்க்கலாம் என்கிறார். நிற்காமலே போகலாம் என்றும் சொன்னார். அதையும் எழுதிவிட்டேன்.

சித்திரை 19, புதன்.

இன்று முடித்துத் தபாலில் போட்டுவிடுவேன். பதினோரு நாள் ஆகிவிட்டது. நீ பதினோரு நிமிஷத்தில் படித்துவிடுவாய். லாவண்யாவிடம் காட்டாதே. குழந்தை தூங்கும்போது தனியாக உட்கார்ந்து படி.

சித்திரை முதல் தேதியிலிருந்து உள்ளே படுக்கிறேன். சுவரோரம் உன் இடம், இந்தப் பக்கம் நான். என் பாய்க்கு மேலே ஒரு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். திரும்பினால் சரசரவென்று சத்தம் வருகிறது. உனக்குத் தூக்கம் கெடும். நீ திட்டலாம். திட்டினால் எனக்கு நன்றாகத்தான் இருக்கும். இந்த வீட்டில் என்னைத் திட்டுகிற குரல் கேட்டு ஐந்து மாதம் ஆகிவிட்டது.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நானே பூனாவுக்கு வந்து கூட்டிவருவேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் உட்கார என்னால் முடியும். பேட் ஒரு டஜன் எடுத்துக்கொள்வேன், கழிவறைக்குப் பக்கத்து சீட்டாகக் கேட்டு வாங்குவேன். போகும் வழியில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் படிக்க வேண்டும் என்று ஆசை. தமிழ் முடிந்த பிறகு வரும் ஸ்டேஷன் பெயர்களை நீதான் திரும்பும்போது சொல்ல வேண்டும்.

ஸஹானா குட்டிக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம். நூறு வருஷம் சௌக்கியமாக, நிறையச் சிரித்துக்கொண்டு இருக்கட்டும். லாவண்யாவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். உன் முழங்கால் வலிக்குத் தைலம் தீர்ந்திருந்தால் சொல், அனுப்புகிறேன்.

அடுத்த வாரம் மறுபடி எழுத உட்காருவேன். ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் உன்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னது. இதற்குப் பிறகு புருஷன் பொண்டாட்டி என்ற வகையில் சிலது முன்போல இருக்காது என்றார். அதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் எழுத்து கூடிவரவில்லை. அடுத்த வாரம் முயன்று பார்க்கிறேன். அதற்குள் நீ வந்துவிட்டால் எழுத வேண்டிய அவசியம் இருக்காது. பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். வாய் வராமல் போனாலும் போகட்டும், நீ பக்கத்தில் இரு.

உன்,
மாணிக்கவாசகம்